அக்காவின் பதினேழு போத்தல்கள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலரில் எழுதுகிறவர்கள் இறந்தவரோடு மிக நெருக்கமாக இருந்ததுபோலவே எழுதுவார்கள். நான் அப்படி எழுதினால் ஊரில் பாதிப்பேர் சிரிப்பார்கள். கடைசி ஆறு வருடங்களில் நான் அக்காவின் வீட்டுக்குப் போனது நான்கே நான்கு தடவை.

அக்கா கொக்கிளாயில், களப்பில் மீன்பிடித்த எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அம்மா நேரத்தோடு காலமாகிவிட்டதால் எனக்குத் தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, ஞாயிறு பூசைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தன் நகைநட்டைத் தொலைத்தார்; என் சான்றிதழ்களைத் தொலைக்கவில்லை. அவற்றோடுதான் நான் வவுனியாவுக்குப் படிக்கப் போனேன். அங்கே வேறொரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, வேதம் கற்பிக்கிறவனாகவும் ஆகிவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை. "அங்கையும் அவர்தானே இருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள், அக்காவின் கணவரான அத்தானோடு கடற்றொழிலுக்குப் போன ஒருவரின் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. கரையில் கிடந்து துடித்த அவரின் காலில் அக்கா கையை வைத்துச் செபித்தார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் செபித்ததாகவே பிற்பாடு என்னிடம் சொன்னார். நோவு அடங்கி அவர் எழுந்து நடந்தார். அன்றிலிருந்து அக்காவிடம் குணமாக்கும் வரம் இருக்கிறது என்ற கதை பரவியது. முல்லைத்தீவிலிருந்து வந்தார்கள், ஆனையிறவிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்தார்கள்.

வருகிறவர்கள் ஒரு போத்தலில் தேங்காயெண்ணெய் கொண்டுவருவார்கள். நோயாளியின் பெயரைப் பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டி, அக்கா வீட்டு மாதா சுரூபத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அக்கா மூன்று நாள் செபித்த பின் வந்து எடுத்துப்போய்ப் பூசுவார்கள். சிலருக்குச் சுகம் வந்தது, சிலருக்கு வரவில்லை. "மருந்தை மட்டும் நிப்பாட்டாதேங்கோ" என்று எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புவார்.

எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்துக்குரியவை, திருச்சபை வேரூன்றும் வரை அடையாளமாகத் தரப்பட்டவை, அந்த வேலை முடிந்ததும் அவையும் முடிந்தன என்பது எங்கள் சபையின் போதனை. அதை நம்பினேன். பெரும்பாலும் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அக்கா பொய் சொல்லத் தெரியாதவர் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இடம் போதவில்லை.

பிறகு அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரியும் வீடுமாக ஒன்றரை வருடம். அக்கா ஒவ்வொரு நாளும் அவர்மேல் கைவைத்துச் செபித்தார். அத்தான் காலமானார். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வீடு நிறையச் சனம் இருக்க, பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஒரு தாய் போத்தலோடு வந்தார். அக்கா அதை வாங்கவில்லை.

"என்ரை கையிலை இப்ப ஒண்டும் இல்லையம்மா. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார்.

நான் சாப்பாட்டுக் கோப்பையோடு கதிரையில் இருந்தேன். "நான் அப்பவே சொன்னனான். அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச விஷயம்" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். வகுப்பெடுத்துப் பழகிய குரல், எல்லோருக்கும் கேட்டது.

அதன்பின் ஒருவரும் வரவில்லை. ஏற்கெனவே வைத்துப்போன போத்தல்களை எடுக்கக்கூட வரவில்லை. உங்களை நான் குறை சொல்லவில்லை. வரம் போனவரின் எண்ணெயைப் பூச மனம் வராது; செபித்த எண்ணெயைக் கீழே ஊற்றவும் கை வராது. ஆகவே அங்கேயே விட்டுவிட்டீர்கள். எண்ணெய்க்குச் சரி, அக்காவுக்கும் அதுவே நடந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார் என்று பக்கத்து வீட்டு மச்சாள் சொல்வார்.

ஒருமுறை போனபோது அக்கா தேநீரைத் தந்துவிட்டு எதிரே இருந்தார். "தம்பி, நீ படிச்சனி. எனக்கு ஏன் தந்தவர்? ஏன் திருப்பி எடுத்தவர்?"

நான் பாடம் நடத்தினேன். "கொங்கிறீற் போடேக்கை பலகை அடிக்கிறம். இறுகினாப் பிறகு கழட்டிறம்தானே அக்கா? வரமும் அப்பிடித்தான். நிரந்தரமா வைக்கிறதுக்குத் தாறேல்லை."

"ஓம்" என்றார். "ஆனா கழட்டின பலகையை ஆரும் வீட்டுக்குள்ளை எடுத்து வைக்கிறேல்லையே தம்பி."

நான் சுரூபத்தடியைக் காட்டி, "உந்தப் போத்தலுகளையாவது எறியுங்கோவன்" என்றேன். "அது மற்ற ஆக்களின்ரை" என்றார்.

போன வருடம் அக்காவுக்கு இருதய வருத்தம் கடுமையானது. தொலைபேசியில், "ஒருக்கா வந்து என்ரை தலையிலை கை வைச்சுச் செபிச்சிட்டுப் போவன்" என்றார். நான் கேட்டறியாத குரல் அது. தலையில் கை வைத்தால் நான் கற்பித்ததற்கெல்லாம் மாறாகிவிடும் என்று பயந்தேன்.

"இங்கையிருந்தே செபிக்கிறன் அக்கா. கடவுளுக்குத் தூரம் எண்டு ஒண்டு இல்லை."

"கடவுளுக்கு இல்லைத்தான்" என்றார்.

மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அப்போது கையை வைத்தேன். நெற்றி குளிர்ந்திருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது போத்தல்களை எடுத்தேன். பதினேழு. ஆறு வருடத்து எண்ணெய், காறல் மணம் அடிக்கும் என்று முகத்தைத் தள்ளிவைத்து ஒன்றைத் திறந்தேன். நேற்று ஊற்றியதுபோல் மணத்தது. அடுத்ததும் அப்படியே. பதினேழும் அப்படியே. வரங்கள் முடிந்துவிட்டன என்று இருபது வருடம் கற்பித்தவன், அந்தச் சீமெந்து நிலத்தில் குந்திவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன்: சந்தோஷப்பட்டேன்.

பக்கத்து வீட்டு மச்சாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "என்ன தம்பி, எண்ணெயே? காறத் தொடங்கினா அவா விளக்குக்கு எடுத்திட்டுப் புதுசு வாங்கி ஊத்துவா. 'கேட்டு வந்தா, பழுதாப்போன எண்ணெயே குடுக்கிறது?' எண்டு சொல்லுவா. அவாவுக்கு வேலைப் பைத்தியம் எண்டு எனக்குத் தோணும். ஒவ்வொரு விடியவும் பேரைப் பாத்துப் பாத்துச் செபிப்பா."

அவர் போனபின் ஒவ்வொரு பிளாஸ்டராக வாசித்தேன். மை மங்கிய இடங்களில் அக்கா மேலே மீண்டும் எழுதியிருந்தார். என் பெயர் அங்கே இல்லை. நான் எந்த நாளும் அக்காவிடம் ஒன்றும் கேட்டுப் போகவில்லையே.

வரங்கள் எதற்காகத் தரப்படுகின்றன, எவ்வளவு காலம் நிற்கும் என்று இப்போது என்னிடம் கேட்டால் முன்போல் உடனே பதில் சொல்லமாட்டேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மச்சாளுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த கடற்றொழிலாளர்களுக்கும், நான் வரும்வரை பார்த்திருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போத்தல் வைத்தவர்களுக்கு ஒன்று. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நான் மாதம் ஒருமுறை வவுனியாவிலிருந்து வந்து எண்ணெய் மாற்றுகிறேன். பெயர்களைச் சத்தமாக வாசிக்கிறேன். வாசித்தபின் அக்கா என்ன சொல்லிச் செபிப்பார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால், போத்தலை எடுக்க வரும்போது சொல்லித்தாருங்கள்.

தம்பி