கழற்றி வைத்த பெல்ட்

டெய்லரம்மாவின் மிஷின் பதினாறு வருடங்களாகச் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றது. கால் மிதியைச் சக்கரத்தோடு இணைக்கும் தோல் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள். மிதித்தால் தடதடக்கும். கணவர் நைட் வாட்ச்மேன், பகலில்தான் தூக்கம். அதனால் வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியை நகர்த்தித் தைத்தாள். வலது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. தனக்குத் தைத்துக்கொள்ளும்போது அந்தப் பக்கம் அரை இஞ்ச் குறைத்து வெட்டுவாள்.

ஒரு காலை டூட்டி முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்ற உட்கார்ந்தார். எழவில்லை. அதற்கப்புறம் ஏழு வாரம் ஆகிவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. பசியும் பெரிதாக இல்லை. ஆர்டர் மட்டும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டு.

பன்னிரண்டும் திரும்பி வந்தன.

"இப்படி வெளிச்சத்துக்கு வந்து பாரும்மா. துணி வெள்ளை, நூல் சந்தன கலர். கண்ணு தெரியலையா?" என்றார் ஆஸ்பத்திரி ஜன்னலருகே நின்ற ஹெட் நர்ஸ்.

சமையலறை பல்பில் இரண்டும் ஒரே வெள்ளைதான்.

"பிரிச்சுத் தச்சு சனிக்கிழமை குடுத்துடு. இந்தத் தடவையும் சொதப்பினா அடுத்த வருஷ ஆர்டர் வேற கடைக்குப் போயிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிங்க சிஸ்டர்."

வீட்டில் மகளும், துக்கம் விசாரிக்க வந்து தங்கிவிட்ட நாத்தனாரும் மிஷினை வெளிச்சத்தில் போட இடம் தேடினார்கள்.

"ஹால்ல போடலாமே" என்றாள் நாத்தனார்.

"தெருப்புழுதி மொத்தமும் வெள்ளைத் துணியில இறங்கும் அத்தை. அதோட, வர்றவங்க எல்லாம் மிஷினைத் தாண்டிக் குதிக்கணும்."

மிச்சம் படுக்கையறை. ஜன்னல் கிழக்கே பார்த்தது. பகலில் அவர் தூங்குவதற்காகத் தடித்த திரை போட்டிருந்தது. ஏழு வாரமாக யாரும் அதைத் தொடவில்லை.

"என் தம்பி கட்டில் கிடக்கிற ரூமா?" என்றாள் நாத்தனார். பிறகு மிஷினைப் பார்த்தாள். "பெல்ட்டே இல்லாம எப்படித் தைக்கிற?"

"கையால சுத்துவேன். அவர் தூங்குவாரே."

"யாரு, அவனா? சின்ன வயசுல ஒரு நாள் கட்டிலோட தூக்கி வாசல்ல வெச்சோம். லாரி போகுது, நாய் குலைக்குது, அசையலையே. மூஞ்சில வெயில் அடிச்ச அப்புறம்தான் எழுந்தான். அவனுக்கு வெளிச்சம்தான் ஆகாது. சத்தத்துக்கெல்லாம் அவன் அசரமாட்டான்."

மகள் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்படியா" என்றாள் டெய்லரம்மா.

மிதிக்காதே என்று அவர் எப்போதாவது சொன்னாரா? சொன்னதாக நினைவில்லை. மிதித்துக்கொள் என்றும் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை.

கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்கள். மிஷினை ஜன்னலடியில் வைத்தார்கள். திரையை அவளே விலக்கினாள். வெளிச்சத்தில் நூல்கண்டுகளைப் பிரித்து, சரியான வெள்ளையை எடுத்து வைத்தாள். ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்து மாட்டியபோது, காய்ந்துபோன தோல் இரண்டாக அறுந்தது. மிஷின் கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தாள். நீளம் அதிகமாக இருந்தது. அளவு பார்த்து வெட்டி, கம்பிக் கொக்கியால் இணைத்தாள்.

மூன்று நாள் கட்டிலில் பலகை போட்டுக் கோட்டுகளைப் பரப்பிப் பழைய நூலைப் பிரித்தாள். கட்டில் இடுப்புக்குக் கீழே இருந்ததால் குனிய வேண்டியிருந்தது. நான்காம் நாள் வியாழக்கிழமை. காலையில் தைக்க உட்கார்ந்தாள்.

மிதித்தாள். அறை முழுக்கத் தடதடவென்றது. இரண்டு கையும் துணிமேல் இருப்பது புதிதாக இருந்தது. சந்தன நூல் போன இடத்தில் வெள்ளை நேராக ஓடியது. மத்தியானத்துக்குள் நான்கு கோட்டு முடிந்தது. இந்த வேகத்தில் சனிக்கிழமைக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

ஐந்தாவது கோட்டின் பாதியில் கால் நின்றது. தலையைத் திருப்பாமல், கட்டில் பக்கம் காது கொடுத்தாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?" சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"நூல் தீர்ந்துபோச்சு."

பாபினில் நூல் நிறைய இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மிதித்தாள்.