மறைத்த வயது

தாளின் மேல் மூலையில் ஸ்கேலை வைத்துவிட்டுத்தான் படிக்க ஆரம்பிப்பார். அந்த மூலையில் நோயாளியின் வயது இருக்கும். மருத்துவமனைகள் அனுப்பும் அறிக்கைகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அவர் மேசைக்கு வருபவை குடல் கட்டிகள் மட்டும். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, எதுவரை பரவியது என்று படித்து, வயதை ஊகித்துச் சொன்ன பிறகே ஸ்கேலை நகர்த்துவார். பதினெட்டு வருடப் பழக்கம். அலுவலகத்தில் அவர் பெயரே ஸ்கேல்தான்.

முன்பெல்லாம் இரண்டு மூன்று வயதுதான் தவறும். இப்போது அறுபத்தைந்து என்பார். ஸ்கேலுக்கு அடியில் நாற்பத்தொன்று இருக்கும்.

"கணக்கு உதைக்குதேக்கா."

பதிவுகளைச் சரிபார்க்கும் எதிர் மேசை அக்கா விடமாட்டார். "உனக்குத்தான் வயசாயிடுச்சு. முதல்ல கண்ணாடிய மாத்து."

இருபது வருடங்களுக்குப் பின் எத்தனை பேருக்கு இந்நோய் வரும் என்ற வரைபடத்தையும் அவரே போட்டார். கோடு தாளுக்குள் அடங்கவில்லை. மேலே இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டார். முகத்தில் சலனமில்லை. எண்களோடு பழகியவர்கள் அவற்றில் தங்களைத் தேடுவதில்லை. அது நிதானமா, சோம்பலா என்று தெரியவில்லை.

கொஞ்ச நாளாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அக்கா கேட்டதற்கு, "சூடுக்கா, மூலமா இருக்கும்" என்றார்.

நேற்று ஒரு தாளில் மூன்று வரி எழுதி, மூலையில் ஸ்கேலை வைத்து அக்காவிடம் நீட்டினார். இரண்டு மாதமாக மலத்தில் இரத்தம். ஏழு கிலோ எடைக் குறைவு. தந்தைக்குக் குடல் புற்றுநோய்.

"வயசு சொல்லுங்க பாப்போம்."

"அறுபதுக்கு மேல. யாரு அனுப்பினது இத? கட்டி அளவையே காணோம்."

ஸ்கேலை எடுத்தார். நாற்பத்து மூன்று.

அக்கா அந்த எண்ணையும், கையெழுத்தையும், பிறகு அவரையும் பார்த்தார்.

"வீட்ல தெரியுமா?"

"மூலம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"பதினெட்டு வருஷமா இதத்தானேடா படிக்கிற."

அக்கா குடல் பரிசோதனைப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து அவர் கையில் கொடுத்தார். அவர் தன் பெயரைச் சொன்னார். வயது கேட்டார்கள். அதற்குள் ஸ்கேல் பழையபடி மூலைக்குப் போயிருந்தது. அதை மெல்ல நகர்த்தி, தாளைப் பார்த்துப் படித்தார்.

"நாப்பத்து மூணு."