ஆடியில் கைமாறிய வீடு

செந்தூல் அடுக்குமாடியில் குமுதாவின் குரல் எட்டு மாடிக்கும் கேட்கும். பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு ஹாரனே வேண்டாம் என்பார்கள். அப்பேர்ப்பட்ட குரல் அன்றைக்கு அடங்கிப்போனது. அவள் வாடகைக்கு இருந்த வீட்டை வாங்கிப் போட வேலாயுதம் வந்திருந்தார்.

வேலாயுதத்துக்கு அம்பாங்கிலும் வீடு, கிள்ளானிலும் வீடு. எதிலும் அவர் ஒருநாள் படுத்ததில்லை. குமுதாவின் அடுப்படிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். படுக்கையறைக்குள் தலையை நீட்டினார்.

"இத ரெண்டா தடுத்துட்டா டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விடலாம் லா."

"அப்ப நாங்க?"

"மேரு பக்கம் பாரும்மா, சீப்பா கிடைக்கும்."

ஊருக்கு வெளியே ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் மேருவுக்குப் போனால் செந்தூல் பிள்ளைகளை யார் ஏற்றுவது? வீட்டோடு பிழைப்பும் போய்விடும்.

கூடவே வந்திருந்த வீட்டுக்காரர் ஹைதருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடை. பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுக்க அவசரமாகப் பணம் தேவை. "இன்னிக்கே முன்பணம் கொடுங்க, முடிச்சிடலாம்" என்றார்.

வேலாயுதம் பதறிவிட்டார். "ஆடி மாசம் பாய்! ஆடியில எவனாச்சும் வீடு வாங்குவானா? ஆவணி பொறக்கட்டும், வெத்தலை பாக்கோட வரேன். அதுவரைக்கும் ஒருத்தனும் வரமாட்டான்."

அவரை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் இறங்கியதுதான் தாமதம், குமுதாவுக்குக் குரல் திரும்பிவிட்டது.

"பாய், போன ஆடியில வாடகை வாங்கினீங்களா இல்லையா?"

"வாங்காம? என்னம்மா கேள்வி இது?"

"வாடகைக்கு ஆடி இல்ல, வாங்குறதுக்கு மட்டும் ஆடியா? அதே விலை. நான் எடுத்துக்கிறேன்!"

முந்தி பேக்டரியில் வேலை பார்த்தபோது சேர்ந்த சேமநிதி, சீட்டுப் பணம், கழுத்தில் கிடந்தது எல்லாம் முன்பணத்துக்கு ஒன்றுசேர்ந்தன. கட்டடமே வாயில் கை வைத்தது. எதிர்வீட்டு புனிதா, "ஆடியிலயாடி?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டாள். மீதிக்குக் கடன் தர பேங்க் தலையாட்டியது. ஆடி முடிவதற்குள் லாயர் ஆபீஸில் கையெழுத்தும் ஆகிவிட்டது.

ஆவணி முதல் நாள். வெற்றிலைத் தட்டோடும், சுவர் அளக்க ஒரு ஆளோடும் வேலாயுதம் ஹைதரைக்கூடக் கேட்காமல் நேராக வந்து கதவைத் தட்டினார். உள்ளே ஒரே கூட்டம், சிரிப்பு.

"என்னம்மா, இன்னும் காலி பண்ணலையா?"

"வாங்கண்ணே, சரியான நேரத்துக்கு வந்தீங்க! பால் காய்ச்சுறோம்."

"யார் வீட்டுல?"

"என் வீட்டுலதான். வாங்கினது ஆடியில. ஆனா ஆடியில பால் காய்ச்சக் கூடாதில்ல? அதான் ஆவணிக்குக் காத்திருந்தோம்."

பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் கத்திய கத்தலில் எட்டு மாடியும் எட்டிப் பார்த்தது. வேலாயுதத்தின் கையிலிருந்த தட்டை குமுதா வாங்கி சாமி முன்னால் வைத்தாள்.

"வெத்தலை வாங்க மறந்துட்டேன்ணே. நல்லவேளை, நீங்க கொண்டாந்தீங்க!"