பீலிக்கரையில் அடங்கிய பேச்சு

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைத்தாய்ச்சியின் காதில் கெட்ட சேதி விழக்கூடாது என்பது கண்டிப்பான வழக்கம். எதுவானாலும் பிள்ளை பிறந்து பேர் வைத்த பிறகுதான் சொல்வார்கள். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

நான் மாசமாக இருக்கும்போது என் வீட்டுக்காரர் தன் அப்பாவின் கருமாதிக்காகத் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போனார். "புள்ள பொறக்குறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வரவில்லை. ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கப் போனால், சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா நான் கேட்காமலே கீரை கடைந்து கொண்டுவந்து வைப்பாள். கங்காணிகூட என்னிடம் குரலை உயர்த்தவில்லை. கங்காணியே அடங்கிப் பேசினால் என்ன அர்த்தம்? மனுஷன் செத்துப்போய்விட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கேட்கவும் பயம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? யாரும் தாலியைக் கழற்றச் சொல்லாதவரை அவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. நெஞ்சு எந்நேரமும் படபடத்தது. தோட்டத்து மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்து, மரக்குழலை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மாசத்துக்கேத்த வளர்த்தி இல்லையே. மனசுல என்னத்த வச்சுக்கிட்டு இப்புடி மருகுற?"

மகள் முந்திப் பிறந்தாள், கோழிக்குஞ்சு போல. பஞ்சில் சுற்றி அடுப்போரம் வைத்துக் காப்பாற்றினோம். பேர் வைத்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு நல்லா இருக்காரு. கடதாசி சரியில்லன்னு அந்தக் கரையில கப்பலேற விடமாட்டேங்குறாங்களாம். எப்ப விடுவாங்கன்னு தெரியல."

இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன். வரமாட்டார் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மகள் வளர்ந்து, நுவரெலியாவில் பிரசவ வார்டில் தாதியாக வேலை பார்க்கிறாள். ஒருநாள் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே விளக்கினாள்.

"பயந்துகிட்டே இருந்தா ஒடம்புல ஒரு சுரப்பு கூடும்மா. அது வயித்துப் புள்ளைக்கும் போகும். அப்ப புள்ளையோட ஒடம்பு ஆக்சிஜனைக் கூடுதலா செலவழிக்கும். வளர்றதுக்கு வேண்டிய சத்தையும் எரிச்சுப்புடும். சீக்கிரம் பொறக்கத் தயாராகுமே தவிர, பெருசா வளராது. நான் சின்னதாப் பொறந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

சாகாத மனுஷனுக்கு நான் துக்கம் காத்தேன். என் பிள்ளை அல்லவா உள்ளே கிடந்து தன் சத்தைச் செலவழித்திருக்கிறாள்? அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டுச் சாப்பிட்டிருப்பேன்.

"நான் பொறந்தது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கப்பலேறி ஊருக்குப் போனவங்ககிட்ட சொல்லி அனுப்புனேன், பொம்பளப் புள்ள, ஒங்க சாடைதான்னு."

சொல்லி அனுப்பியது நிஜம். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. போனவர்களும் திரும்பவில்லை, அவரும் வரவில்லை. அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்கூட எனக்கு மரத்துப்போய்விட்டது. தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதாவது அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.