ஐரிஷ் டே அன்று எட்டாவது பெண்

வரிசையில் பெண் பிள்ளைகள் எட்டுப் பேர் இருக்க வேண்டும். ஏழு பேர்தான் இருந்தார்கள். மறுபடி எண்ணினேன். ஏழேதான். ஜோஷிதாவைக் காணோம்.

நான் நகரியில் பிறந்து திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்திரண்டு வருஷம் பிளே ஸ்கூல் மிஸ்ஸாக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தலைமை ஆபீஸ் காலண்டர்

தலைமை ஆபீஸிலிருந்து ஆக்டிவிட்டி காலண்டர் வரும். அந்த மார்ச்சில் 'ஐரிஷ் டே' என்று போட்டிருந்தார்கள். நம் ஊர் வெயிலில் அயர்லாந்தைக் கொண்டாட வேண்டும்! எல்லாரும் பச்சை உடுப்பு. லெப்ரிகான் என்று ஒரு குள்ளன், வானவில்லின் அடியில் தங்கப் பானையை ஒளித்து வைப்பானாம். அவனைப்போல எல்லாருக்கும் பச்சைச் சார்ட் பேப்பர் தொப்பி, ஆரஞ்சுப் பஞ்சுத் தாடி.

பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க நான் உள்ளே பொம்மைப் பானைகளை ஒளித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் சேர்ந்த ஆயா ரமணம்மா வாசலில் தொப்பியும் தாடியும் மாட்டி, பெண்களை ஒரு வரிசையாக, பையன்களை ஒரு வரிசையாக அனுப்பினாள். பிள்ளைகள் கத்தினால் தலைவலி வரும். அதனால் ஒரு ரூல் போட்டேன். "மிஸ் கை தட்டுற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. பேசினா லெப்ரிகான் ஓடிடுவான்." ஒரு சத்தம் இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது.

2. தேடினோம்

பானைகளைக் கண்டுபிடித்து முடித்ததும் வழக்கம்போலப் பெண்கள் வரிசையை முதலில் எண்ணினேன். அங்கேதான் ஏழு வந்தது. பையன்கள் வரிசையை எண்ணவே இல்லை.

"ஜோஷிதா! ஜோஷிதா!" பதில் இல்லை. வாசல் ரெஜிஸ்டரில் அவள் அப்பா கையெழுத்து இருந்தது. ஆக, வந்திருக்கிறாள்.

ரமணம்மாவிடம் ஓடினேன். "ரெட்டை ஜடை போட்ட பாப்பா வெளிய போச்சா?"

"ஜடை போட்ட பாப்பா யாரும் போவல மிஸ். நான் கேட்டாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்."

பிள்ளைகளைக் கலர் அடிக்க உட்கார வைத்துவிட்டு பாத்ரூம், கிச்சன், மாடிப்படி எல்லாம் பார்த்தோம். வாசலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு ரோடு. நாலு வயசுப் பிள்ளை.

அதற்குள் அவள் அம்மா அழைத்துப்போக வந்துவிட்டார். பிரின்சிபால் மேடம் என்னை ஓரமாக இழுத்தார்.

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க காமாட்சி. பாப்பா பாத்ரூம்ல இருக்குதுன்னு சொல்லி வாசல்லயே நிக்க வைங்க. அதுக்குள்ள தேடிடலாம்."

சரி என்றுதான் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"அம்மா, ஜோஷிதாவக் காணோம். கால் மணி நேரமா தேடிக்கினு இருக்கோம்."

அவர் கையிலிருந்த பை கீழே விழுந்தது. செருப்போடு கிளாஸுக்குள் ஓடினார். ஓடியவர் நின்றார்.

"இன்னா மிஸ், இதோ குந்திக்கினு இருக்கறாளே!"

பையன்கள் நடுவே உட்கார்ந்திருந்த ஒருவனின் தொப்பியைத் தூக்கினார். உள்ளே சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

"நேத்து மலைல மொட்டை போட்டுக்கினு வந்தோம். பச்சை கவுன் இல்லன்னு அவங்க நைனா அண்ணன் சட்டை டிராயரப் போட்டு அனுப்பிச்சாரு."

ரமணம்மா பையன் என்று நினைத்து அந்த வரிசையில் விட்டிருக்கிறாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையிலேயே சிரிப்பும் வந்தது.

"ஏன்டா கண்ணு, மிஸ் அவ்ளோ கூப்பிட்டேனே?"

அவள் பேசாமல் என் கைகளையே பார்த்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கை தட்டினேன்.

"நான் இங்கியேதான் இருந்தேன் மிஸ்!"

3. புது மிஸ்களுக்கு

முதலில் மொத்தமாக எண்ணுங்கள். பிறகு பெயர் சொல்லி முகம் பாருங்கள். திருப்பதியில் எந்தப் பிள்ளையும் எந்தத் திங்கட்கிழமையும் மொட்டையோடு வரும். இத்தனை வருஷம் பார்த்த நானே ஜடையைத்தான் தேடினேன்.

இன்னொன்று. மேடம் சொன்னபடி சொல்லியிருந்தால் அந்த அம்மா வாசலிலேயே நின்றிருப்பார். நான் காலிப் பாத்ரூம் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருப்பேன். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் பெற்றவளிடம் சொல்லுங்கள்.