தொப்பையை உள்ளே இழுத்தவர்

ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் நிற்பதுதான் அவர் வேலை. எல்லோரும் அவரைச் 'சிலை' என்பார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். ஒரே ஒரு கோளாறு: மேடையில் ஏறியதும் மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துவிடுவார்.

புதிதாக வந்த பேராசிரியைக்கோ மனித உடம்பே பிடிக்கவில்லை. "இதெல்லாம் பழைய மாடல் சார். திருத்தியே ஆகணும்," என்று அவரை ஸ்கேனருக்கு நடுவே நிறுத்தினார். நம்மவர் வழக்கம்போல இழுத்துப் பிடித்தார். அடுத்த வாரமே கணினித் திரையில் அவர் உருவம் நடந்தது. நான்கு கைகள், முதுகில் ஒரு கண், தொப்பை மட்டும் மருந்துக்கும் இல்லை. மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். இனி அதைப் பார்த்தே வரையலாமாம். அது டீ கேட்காது, லீவு கேட்காது, அதற்குக் கால் மரத்துப்போகாது. சிலையை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சும்மா நிற்பதற்கு வேறு எங்கே ஆள் எடுக்கிறார்கள்? பேராசிரியையின் அறை வாசலில் போய் நின்றார். நிற்பதில் அவரை யார் ஜெயிக்க முடியும்? சாயங்காலம் அம்மையார் இறங்கி வந்தார்.

"கண்காட்சி வருது. நாலு கை உருவத்துக்குப் பக்கத்துல, காலாவதியான உடம்புன்னு ஒண்ணு வேணும். தொப்பையும் தொந்தியுமா உள்ளபடி நில்லுங்க. ஒழுங்கா நின்னா வேலை நிரந்தரம்."

வீட்டில் மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"உள்ளபடியா? அது உங்களுக்கு வருமா?"

"இதுல என்னடி கஷ்டம்? மூச்சை விட்டா முடிஞ்சுது."

கண்காட்சி திறந்தது. உள்ளே வந்த கூட்டம் கேமராவைத் தூக்கியது. தொப்பை தானாக உள்ளே போனது.

"விடுங்க சார், விடுங்க!" என்று பேராசிரியை பல்லைக் கடித்தார்.

விட்டார். அடுத்த கேமரா வந்ததும் மறுபடி உள்ளே போனது. எவ்வளவு கெஞ்சியும் உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"இதுல என்ன பழசு? ரெண்டுமே ஒட்டின வயிறா இருக்கே?" என்றார் பார்க்க வந்த ஒருவர். பேராசிரியையின் முகம் செத்துப்போனது. அன்றே சிலைக்குச் சீட்டு கிழிந்தது.

அடுத்த வாரம் மனைவி அவரைக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் நின்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆள் நின்றிருந்தான். முகம் அவருடையதுதான். வயிற்றைக் கணினியிலேயே ஊதி, தாராளமாக வெளியே தள்ளியிருந்தார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அட, இத்தனை வருஷத்துல இதுதாங்க உங்க ஜாடையில இருக்கு!"