மூவர் பாட்டுக்கு ஓர் அத்தர்

கேஸ் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்ற சந்தேகத்தில், கோவில்பத்தில் பஸ் ஏறிப் பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிய ஆள் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை. தையல் கடையில் கூட வேலை செய்யும் இருவரும் அதைச் சொல்லிச் சிரிக்காத நாள் குறைவு. அப்படிப்பட்ட நான் ஒரு கல்யாண வீட்டுக்கு அத்தர் கலந்து தர ஒத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கடையில் நாங்கள் மூன்று பேர். மூத்தவர் முஸ்லிம் வீட்டுப் பெண். அவரை நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம். அவர்கள் வழக்கத்தில் அக்கா. கணவர் சில வருடங்களுக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள். இன்னொருத்தி காரைக்கால்மேட்டிலிருந்து வருகிறவள், மீனவர் வீட்டுப் பெண், எங்களுக்கு மேட்டுக்காரி. நான் எட்டாவதோடு படிப்பை விட்டு மெஷினில் உட்கார்ந்தவள்.

மெஷின் ஓடினால் பாட்டும் ஓடும். மேட்டுக்காரி, அவள் அப்பா வலை இழுக்கும்போது பாடிய பாட்டைப் பாடுவாள். வார்த்தை பாதி மறந்துபோனதால் ஏலேலோவை மட்டும் நீட்டிக்கொண்டே போவாள். லாத்தா பைத்து பாடுவார், நபியைப் புகழ்கிற பாட்டு. குரல் பெரிதில்லை. ஆனால் கேட்கும்போது நெஞ்சுக்குள் குளிர்ந்த காற்று போய் வரும். எனக்குப் பாட்டே வராது. சர்ச் பாடற்குழுவில் சிஸ்டர் என்னிடம் "நீ வாயை மட்டும் அசைம்மா" என்று சொல்லியிருக்கிறார். அதனால் என் பங்குக்கு மெஷினை மிதித்துத் தாளம் போடுவேன்.

மனசு படபடக்கும்போது எதையாவது மோந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் அடங்கும். அதற்காகக் கடைத்தெருவில் சின்னக் குப்பிகளில் அத்தர் வாங்க ஆரம்பித்து, பிறகு ஒன்றோடு ஒன்றைக் கலந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. லாத்தாவுக்கு அது தெரியும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என்னிடம் கேட்டார்.

"எம் மவ குவைத்து போறா. நம்ம பாட்ட கேட்டுக்கிட்டே இந்த வெட்டுத்துணிக்கு நடுவுல வளந்த புள்ள. நம்ம மூணு பேரு பாட்டு மாதிரி ஒரு அத்தர் பண்ணிக் குடேன். போறப்ப எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

"பாட்டுக்கு எப்புடி லாத்தா வாசன?"

"என் பாட்டுக்குக் கருவாடு போடு, போதும்" என்றாள் மேட்டுக்காரி.

"நீ சும்மா இரு. போன்ல பாடிப் பதிஞ்சு குடுத்துடலாமே லாத்தா."

"போன்ல கேட்டா அழுவா. வாசனன்னா சும்மா கூட இருக்கும்."

மேட்டுக்காரியின் பாட்டுக்கு எனக்கு உடனே தாழம்பூ தோன்றியது. திருவேட்டக்குடிப் பக்கம் கடலோரத்துப் புதரில், உப்புக் காற்றிலேயே பூத்துக் கிடக்கும் வாசனை. என் மிதிக்கு வெட்டிவேர். அது முன்னால் வந்து நிற்காது, அடியில் கிடக்கும். லாத்தாவின் குரல்தான் பிடிபடவில்லை. மல்லிகை போட்டேன், இனித்தது. அது அவர் குரல் இல்லை. ஒருநாள் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது யாரோ பச்சைக் கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்ச்சி நெஞ்சில் இறங்கியதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

வாங்கி வந்து கொஞ்சம் கரைத்தேன். கரைத்த உடனே பயம் வந்துவிட்டது. கற்பூரம் என்றால் கோயில். முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு கிறிஸ்தவச்சி கோயில் வாசனையைக் கொண்டுபோய்த் தடவினால் என்ன நினைப்பார்கள்? கற்பூரத்தை எடுக்கவும் மனசில்லை, எடுத்தால் லாத்தா குரல் போய்விடும். அதனால் அதை மறைக்கப் பார்த்தேன். சந்தனம் சேர்த்தேன். ரோஜா சேர்த்தேன். அவர்கள் வீட்டு விசேஷங்களில் இருக்கும் வாசனைகளாகத் தேடித் தேடிச் சேர்த்து, கோயிலை ஒரேயடியாக விரட்டினேன். வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிற மேட்டுக்காரியிடம் நீட்டினேன்.

"கோயில் வாசன வருதா பாரு."

"கோயிலும் இல்ல, கொளமும் இல்ல. நல்லாருக்கு."

லாத்தாவிடம் கொடுத்தேன். மோந்தார். கண்ணை மூடினார். குப்பியை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னா லாத்தா, சரியில்லியா?"

"இதுல எதயும் மாத்தாத" என்றார். மூடியை இறுக்கித் திருகிப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலையில் பெண்ணின் கழுத்தில் முதலில் அதைத்தான் தடவினோம். எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும் பெண் பேசாமல் இருந்தாள். கல்யாணப் பெண் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நானும் மேட்டுக்காரியும் பெண்கள் வரும் வாசலில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவர் புறங்கையிலும் அத்தர் தொட்டு வைத்தோம். இளம் பெண்கள் "எந்தக் கட?" என்று கேட்டார்கள். மேட்டுக்காரி என்னைக் காட்டி, "இந்தா நிக்கிதே, இதான் கட" என்றாள். எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. ஒரு சிரிப்புக்கூட வந்தது.

அப்போது மாப்பிள்ளையின் மாமி வந்தார். வயதானவர். கையை நீட்டினார், தொட்டு வைத்தேன். மூக்குக்குக் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பயந்தவர்கள் பார்க்கிற பார்வை.

"என்னா புள்ள இது?"

"அத்தர் மாமி."

"இது மய்யித்துக்குப் போடுறது."

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள்: "மாமிதான் எங்க தெருவுல பொம்பளைங்க மௌத்தானா, எறந்துட்டா, குளுப்பாட்டுவாங்க."

"கடைசித் தண்ணியில கற்பூரம். அப்புறம் சந்தனம், பன்னீரு, அத்தரு. தொடச்சு வெள்ளத் துணி போத்துறப்ப இந்த வாசனதான்" என்றார் மாமி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் வாசலில் எல்லாருக்கும் கேட்டது.

கற்பூரம், சந்தனம், ரோஜா, அத்தர். ஒவ்வொன்றாக நானே சேர்த்தேன். கோயிலை மறைக்கிறேன் என்று, இறந்தவர்களைக் குளிப்பாட்டும் இடத்து வாசனையைச் செய்து, ஒரு பெண்ணின் கழுத்தில் தடவியிருக்கிறேன். லாத்தாவின் கணவர் இறந்தபோது நானும் போனேன்தான். பிணத்தைப் பார்க்கப் பயந்து தெருவிலேயே நின்று திரும்பிவிட்டேன். உள்ளே போயிருந்தால் தெரிந்திருக்கும். சுற்றிலும் பெண்கள் புறங்கையைத் தலைப்பில் அழுத்தித் துடைப்பதைப் பார்த்தேன். மேட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்து நிறுத்தினாள்.

லாத்தா உள்ளேயிருந்து வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"நான்தான் மாமி போடச் சொன்னேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரிஞ்சா சொன்னே?"

"தெரிஞ்சுதான்."

மாமி லாத்தாவின் முகத்தைப் பார்த்தார். "சரி, புள்ளைக்குக் கழுத்தக் கழுவி வுடு. எங்கிட்ட வேற அத்தர் இருக்கு" என்று சொல்லித் தன் கைப்பையைத் திறந்தார். கழுத்தைக் கழுவும்போது பெண் அழுதாள் என்று உள்ளேயிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சகுனம் கெட்டுவிட்டதென்று அழுகிறாள், இனி அந்த வீட்டுப் படியை மிதிக்க முடியாது என்று நினைத்தேன். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது.

பந்தி முடிந்து கொல்லையில் லாத்தா கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்காவப் பொய் சொன்னீங்க லாத்தா."

"நான் எங்க பொய் சொன்னேன்?" குழாயை மூடினார். "எம் மவளோட வாப்பா மௌத்தான அன்னைக்கு மொகத்தப் பாக்கச் சொன்னாங்க. குனிஞ்சேன். அந்த வாசன. அதுக்கப்பறம் அவங்க சட்ட, கைலி எல்லாத்தையும் மோந்து பாத்துட்டேன், சோப்பு வாசனதான் வருது. நீ என்னடான்னா ஒரு குப்பியில கொண்டாந்து மூக்குல நீட்டுற. அவங்களும் மவ கல்யாணத்துக்கு வந்துட்டுப் போவட்டுமேன்னு இருந்துட்டேன். மாமி இருப்பாங்கன்னு யோசிக்கல."

அவர் குரல் என்று நினைத்து நான் தேடிப் பிடித்தது இதையா?

"புள்ளைக்கு வேற பண்ணிக் குடு, கற்பூரம் இல்லாம. இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

வேறு செய்தேன். தாழம்பூ இருந்தது, வெட்டிவேர் இருந்தது. மேட்டுக்காரி மோந்துவிட்டு, "நீ இருக்கே, நான் இருக்கேன். லாத்தா எங்க?" என்றாள். கற்பூரம் இருந்த இடத்தில் என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். எதுவும் உட்காரவில்லை. அப்படியே கொடுத்தனுப்பினோம்.

போன மாதம் கடைக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. லாத்தா தைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். மகள் அவரிடம் பேசிவிட்டு, என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு நான் சாச்சி, சித்தி முறை.

"சாச்சி, புதுசு நல்லாத்தான் இருக்கு. மொதல்ல பண்ணுனது மிச்சம் இருக்கா?"

"அது வேணாம்மா. அது வந்து..."

"என்னன்னு எனக்குத் தெரியும் சாச்சி. வாப்பா மொகத்த மூடுறதுக்கு முன்னாடி நானும்தான குனிஞ்சேன். கழுவாதீங்கன்னு அன்னைக்கு வாய் வரல. அதான் அழுதேன்."

லாத்தாவின் மெஷின் நின்றது. அவருக்கும் இது தெரியாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, இத்தனை வருடம் அம்மாவும் மகளும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நான் போனைப் பார்த்தேன், லாத்தாவைப் பார்த்தேன்.

லாத்தா பையிலிருந்து குப்பியை எடுத்துக் கட்டிங் மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு காலிக் குப்பியையும் வைத்தார்.

"பாதி ஊத்து."

"கை நடுங்குது லாத்தா. சிந்திடும்."

"சிந்துனா சிந்தட்டும். ஊத்து."

மேட்டுக்காரி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.